மாமாவின் லேப்டாப்பும் ஓடாத ஃபிளாப்பி டிரைவும்

மயிலாடுதுறையில் என் மாமா தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிடிபி கடை நடத்திவந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று வருகிற வேலையெல்லாம் கடையிலிருந்த கம்ப்யூட்டரில் நடக்கும். வீட்டில் தனியாக 486 என்ற அந்தக் காலத்துச் சிப் உள்ள ஒரு லேப்டாப் இருந்தது, சிங்கப்பூரில் வேலைபார்த்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதைத் திறந்து உட்கார்ந்தால் பன்னிரண்டு மணிவரை எழுந்திருக்க மாட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அலைந்து தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டுமாகச் சேகரித்து வைத்திருந்தார், அதைக் கூலி வாங்காமல் அடித்துத் தருவதாக மாமா ஒப்புக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் அடித்தார். புத்தகம் வரவில்லை. ஆசிரியர் காலமாகிவிட்டார், கையெழுத்து நோட்டுகள் வீடு மாற்றியபோது எங்கோ போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரு பிஸ்கட் டின்னில் 43 ஃபிளாப்பிகள், அந்தக் காலத்தில் ஃபைல்களைச் சேமித்த சின்னக் காந்தத் தட்டுகள்.

போன வருஷம் பொங்கலுக்குப் போனபோது அந்த டின்னையும் லேப்டாப்பையும் என் மடியில் வைத்தார். "படிக்க முடியுமா பாரு மாப்ளே."

நான் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணிக்கொண்டிருப்பவன். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்றைச் செருகி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 14 டிஸ்க்குகள் படித்தன. அவை விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க்குகள், ஃபாண்ட் டிஸ்க், கடையில் எழுதிய சில வேலைகள். வீட்டு லேப்டாப்பில் எழுதிய 29-ல் ஒன்றுகூட வரவில்லை.

போனில் சொன்னபோது மாமா ஆச்சரியப்படவில்லை. "கடை மிஷின்லகூட சில சமயம் படிக்காதுடா. திரும்ப வீட்டுக்குக் கொண்டாந்து இதுல போட்டா படிச்சிடும்" என்றார். அவருக்கு அது பழைய தொந்தரவு ஒன்றின் நினைப்பு, அவ்வளவுதான். எனக்கு நோய் என்னவென்று அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் 80 டிராக்குகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். ஒரு டிராக்குக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 0.1875 மில்லிமீட்டர். முதல் வளையத்திலிருந்து கடைசி வளையம்வரை ஹெட், அதாவது எழுதிப் படிக்கும் முனை, நகரும் தூரம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தொடாது. ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, இதில் அதெல்லாம் கிடையாது. இத்தனை படி நகர் என்றால் ஸ்டெப்பர் மோட்டார் நகரும், நின்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை ஹெட் படிக்கும். தொழிற்சாலையில் எந்த இடத்தில் வைத்து ஸ்குரூவை முடுக்கினார்களோ அதுதான் அதன் ஆயுசுக்கும் கணக்கு. அது ஒரு முடி தள்ளியிருந்தால், அந்த டிரைவ் எழுதியதை அதே டிரைவ் பிசகாமல் படிக்கும், எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே அளவு தள்ளித்தானே நிற்கிறது. வேறு டிரைவில் போடும்போதுதான் எழுத்து ஓர் ஓரமாகவும் ஹெட் ஓர் ஓரமாகவும் போய்விடும்.

ஆக, அந்த 29 டிஸ்க்குகளுக்கும் உலகத்தில் ஒரே சாவிதான், அந்த லேப்டாப்பின் கோணலான டிரைவ். அதை ஓடவைக்க வேண்டும், ஆனால் நிமிர்த்திவிடக் கூடாது. பழைய லேப்டாப்பின் டிரைவைத் திறக்கப்போகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்குரூ, ஹெட் முதல் டிராக்குக்கு, அதாவது டிராக் ஜீரோவுக்கு, வந்ததைச் சொல்லும் சென்சாரின் ஸ்குரூ, மேல் ஹெட்டின் கையைப் பிடித்திருக்கும் ஸ்குரூ, இந்த மூன்றையும் தொடாதீர்கள். பெரும்பாலும் அவற்றின் தலையில் பெயிண்டோ பசையோ ஒரு சொட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சொட்டை உடைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அலைன்மென்ட் டிஸ்க்கும் ஆஸிலாஸ்கோப்பும் வைத்துச் சரியான இடத்துக்கு வேண்டுமானால் கொண்டுபோகலாம், ஆனால் மாமாவுக்கு வேண்டியது சரியான இடம் இல்லை, 1996-ல் இருந்த இடம்.

லேப்டாப் டிரைவ்கள் டெஸ்க்டாப் டிரைவ்களைவிடச் சீக்கிரம் படுத்துவிடுவதற்குக் காரணம் அவற்றின் உயரம். 1981-ல் வந்த ஆஸ்பார்ன் 1 தூக்கிக்கொண்டு போகலாம் என்று விற்ற மெஷின், எடை 11 கிலோ. அதன் இரண்டு ஐந்தேகால் அங்குல டிரைவ்களில் ஒவ்வொன்றும் 91 கிலோபைட் பிடிக்கும், உள்ளே எல்லாம் கனமான பாகங்கள். 1985-ல் தோஷிபா டி1100 மூன்றரை அங்குல டிரைவோடு மடியில் வைக்கும் அளவில் வந்தது. தொண்ணூறுகளில் லேப்டாப் டிரைவின் உயரம் 12.7 மில்லிமீட்டராகிவிட்டது, டெஸ்க்டாப் டிரைவில் சரிபாதி. அந்த அரை அங்குலத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க ரிப்பன் கேபிள் காகிதம் மாதிரி ஆனது, கெப்பாசிட்டர்கள் மிளகு அளவுக்குச் சுருங்கின, சில டிரைவ்களில் மோட்டாரை ஓரத்தில் வைத்து ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட்டால் டிஸ்க்கைச் சுற்றவிட்டார்கள். முப்பது வருஷம் ரப்பர் தாங்காது.

சரி, வேலைக்கு வருகிறேன். லேப்டாப்பை ஆன் செய்தால் டிரைவில் விளக்குகூட எரியவில்லை. பலர் இந்த இடத்திலேயே டிரைவைக் கழற்ற ஆரம்பிக்கிறார்கள். பொறுங்கள். தேதி, நேரம், என்ன டிரைவ் மாட்டியிருக்கிறது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கும், அது செத்தால் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று இருப்பதே சில மெஷின்களுக்கு மறந்துபோகும். மெஷினின் அமைப்புத் திரையான செட்டப்புக்குள் போய் மூன்றரை அங்குலம், 1.44 எம்பி என்று தேர்ந்தெடுத்ததும் விளக்கு எரிந்தது. அந்த பேட்டரி நிக்கல் காட்மியம் வகையாக இருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள், அதிலிருந்து கசியும் காரம் போர்டின் செப்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும்.

அதற்கப்புறம் கையை எடுத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். நல்ல டிரைவில் விளக்கு எரியும், மோட்டாரின் மெல்லிய உறுமல் கேட்கும், 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் கர்ர், ஹெட் வெளி ஓரத்திலிருக்கும் டிராக் ஜீரோவுக்குப் போகிற சத்தம். கர்ர் மட்டும் வந்து உறுமல் இல்லையென்றால் சுற்றும் பகுதியில் கோளாறு. உறுமல் வந்து கர்ர் இல்லையென்றால் ஹெட் நகரவில்லை. 'டட்டட்டட்' என்று ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே இருந்தால், ஹெட் ஓரத்துக்கு வந்துவிட்டது, வந்துவிட்டதைச் சொல்ல வேண்டிய சென்சார் சொல்லவில்லை. அது ஒளியை மறைத்துத் திறக்கிற சின்ன சென்சார், உள்ளே ஒரு பஞ்சுத் துகள் உட்கார்ந்தாலே குருடாகிவிடும். ஒன்றுமே இல்லாமல் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் ரிப்பன் கேபிளைப் பாருங்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் 26 பின் உள்ள தட்டைக் கேபிள், டிரைவுக்கு வேண்டிய 5 வோல்ட்டும் அதன் வழியாகத்தான் வருகிறது, அதனால் அதைத் திருப்பி மாட்டினால் டிரைவே போய்விடலாம். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளின் நுனி மங்கியிருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.

மாமாவின் டிரைவில் உறுமலும் வந்தது, கர்ரும் வந்தது. ஆனால் திரையில் 'நாட் ரெடி ரீடிங் டிரைவ் ஏ.' மோட்டார் சுற்றுகிறது, டிஸ்க் சுற்றவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கின் அடியில் இருக்கும் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு போக வேண்டும், அது வராவிட்டால் கம்ப்யூட்டருக்கு டிஸ்க்கே இல்லாத மாதிரிதான். மூடியைத் திறந்தேன். பெல்ட் இருந்த இடத்தில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஏதோ இருந்தது, மோட்டாரின் நுனியிலும் சக்கரத்தின் விளிம்பிலும் அப்பிக்கொண்டு, விரலில் பட்டால் சோப்புக்குப் போகாத கறுப்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காட்டன் பட்டும் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தேன். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது, சக்கரத்தின் விளிம்பில் ஒரு பொட்டு ரப்பர் மிச்சமிருந்தாலும் புது பெல்ட் அதில் ஏறி இறங்கும்போது வேகம் ஆடும்.

டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுக்கும். இங்கேயும் அதேதான், இழுக்கிற பாட்டை நாம் பொறுத்துக்கொண்டு கேட்போம், கம்ப்யூட்டர் கேட்காது. தையல் நூலை மோட்டார் நுனியிலும் சக்கரத்திலும் சுற்றி நீளத்தை அளந்தேன், அதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவான சுற்றளவில் தட்டையான பெல்ட் தேடினேன். சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மூன்றாவது கடையில், டேப் ரெக்கார்டர் பெல்ட்டுகளைக் கொத்தாக மாட்டி வைத்திருந்த ஒருவரிடம் கிடைத்தது. ரொம்ப இறுக்கமான பெல்ட்டைப் போட்டால் அந்தச் சின்ன மோட்டார் திணறும், தளர்வாகப் போட்டால் வழுக்கும், அதனால் மூன்று அளவில் வாங்கி வந்து மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

வேகத்தைக் காதால் கணிக்க முடியாது. நிமிஷத்துக்கு 300 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லி செகண்ட். இதில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் பிசகினால் தொல்லைதான், எழுதும்போது இன்னும் மோசம். டிரைவ் வேகமாகச் சுற்றினால் ஒரு வளையத்துக்குள் எழுத வேண்டியது அடங்காமல் வால் வந்து தலையின் மேல் ஏறிவிடும். டேவ் டன்ஃபீல்ட் எழுதிய இமேஜ்டிஸ்க், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் புரோகிராம், இலவசம், அதில் வேகத்தைப் பார்க்கும் வசதி இருக்கிறது. முதல் பெல்ட் 291 காட்டியது, இரண்டாவது 300-க்கும் 301-க்கும் நடுவில் நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

காலி டிஸ்க் ஒன்றில் சில ஃபைல்களைப் போட்டு வைத்திருந்தேன், சோதனைக்கு மட்டும். ஃபைல்களின் பட்டியலைக் காட்டச் சொல்லும் டாஸ் கட்டளை டிர், அதை அடித்ததும் பட்டியல் வந்தது. ஃபைலைத் திறந்தால் வரவில்லை.

டிர் வந்துவிட்டால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு டிராக்கும் செக்டர் என்ற துண்டுகளாகப் பிரிந்திருக்கும். 1.44 எம்பி டிஸ்க்கில் முதல் செக்டர், டிஸ்க்கின் விவரம் இருக்கும் பூட் செக்டர், அடுத்த 18 செக்டர்களில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கின் இரண்டு பிரதிகள், அதற்கடுத்த 14 செக்டர்களில் பட்டியல். மொத்தம் 33. டிராக் ஜீரோவில் இரண்டு பக்கமும் சேர்த்து 36 செக்டர்கள். பட்டியல் காட்டுவதற்கு ஹெட் ஓரத்தைவிட்டு ஒரு படிகூட நகர வேண்டாம்! உட்கார்ந்த இடத்திலிருந்தே காட்டிவிடும். உள்ளே போகச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும். மாமாவின் டிரைவில் ஹெட்டை நகர்த்தும் திருகு கம்பியில் போட்டிருந்த கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது, பத்துப் பதினைந்து டிராக் போனதும் அங்கேயே சிக்கிக்கொண்டது. பழையதை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டு மெல்லிய சிலிகான் கிரீஸை ஊசி முனையால் தொட்டு வைத்தேன், அவ்வளவு போதும். கம்பியின் மேல் புது எண்ணெய் விட்டால் பழைய மெழுகோடு சேர்ந்து இன்னும் மோசமாகும். ஸ்டெப்பரின் ஸ்குரூவைத் தொடாமலே இதையெல்லாம் செய்ய முடியும், கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

டிர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். டிஸ்க்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு டிர் அடித்தால் முந்தைய டிஸ்க்கின் பட்டியலே வருகிறதா, டிஸ்க் மாறியதைச் சொல்லும் இணைப்பு அறுந்திருக்கிறது. அந்த நிலையில் எதையாவது எழுதினீர்களானால் பழைய டிஸ்க்கின் கணக்கைப் புது டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், இரண்டாவது டிஸ்க் போச்சு. என்னிடமிருந்த வேறொரு லேப்டாப்பில் இது நடந்தது. அதில் கெப்பாசிட்டர்கள் கசிந்து அந்த ஒரு கோட்டை அரித்திருந்தன. சால்டரிங் அயர்னை வைத்ததும் கருவாட்டு வாடை அடித்தால் கசிவு உறுதி. அந்தக் காலத்துச் சின்ன கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதிது போட்டு, அரித்த இடத்தைக் கழுவி, மெல்லிய கம்பியால் கோட்டை இணைத்தேன். மாமாவின் டிரைவில் நல்லவேளை கெப்பாசிட்டர்கள் பிழைத்திருந்தன.

கிரீஸ் மாற்றியபின் காலி டிஸ்க் முழுக்கப் படித்தது. நான் செய்த தப்பு அதற்கப்புறம்தான். ஆர்வத்தில் மாமாவின் டிஸ்க் ஒன்றை எடுத்துப் பார்க்காமல் கொள்ளாமல் உள்ளே தள்ளினேன். சுற்ற ஆரம்பித்ததும் ஒரு கீச்சொலி. வெளியே எடுத்து, உறையின் திறப்பை மூடியிருக்கும் ஷட்டரை விலக்கினால் வெளி ஓரத்தில் வளையமாக ஒரு கோடு, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தெரிகிற அளவுக்குச் சுரண்டியிருந்தது. காவிரிக்கரை ஊரில் முப்பது மழைக்காலம் டின்னுக்குள் இருந்த டிஸ்க், பூசணம் பிடித்திருந்தது, அது ஹெட்டில் ஒட்டி, ஹெட் அதை வைத்தே டிஸ்க்கை அறுத்துவிட்டது. லேபிளில் மாமாவின் கையெழுத்தில் 'ஒப்பாரி 3'.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பார்த்திருக்க ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஷட்டரை விலக்கி, நடுவிலிருக்கும் உலோக வட்டைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே டார்ச்சைச் சாய்வாக அடித்தால், பூசணம் வெள்ளைப் புள்ளியாகவோ சாம்பல் படிந்தமாதிரியோ தெரியும். அப்படித் தெரிந்தால் உறையைப் பிரித்து உள்ளிருக்கும் தகட்டை எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தேய்க்காமல் அலசி, நிழலில் உலர்த்தி, வேறொரு சுத்தமான உறைக்குள் வைக்க வேண்டும். மீதி 28-ல் ஒன்பதுக்கு அப்படிச் செய்தேன். ஒவ்வொரு டிஸ்க்குக்குப் பிறகும் ஹெட்டைத் துடைத்தேன். மேல் ஹெட் ஒரு மெல்லிய தகட்டில் தொங்குகிறது, அதை விரலால் தூக்கினால் வளைந்துவிடும், வளைந்தால் முடிந்தது. காட்டன் பட்டின் பஞ்சும் மாட்டிக்கொள்ளும், அதனால் வழவழப்பான வெள்ளைத் தாள் துண்டை ஆல்கஹாலில் நனைத்து இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் நுழைத்து மெல்ல இழுத்தேன். டிஸ்க் வெளியே வராமல் சிக்கினாலும் பிடித்து இழுக்காதீர்கள், உலோக ஷட்டர் மேல் ஹெட்டைக் கொத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். மூடியைக் கழற்றி எடுங்கள்.

படித்ததை வெளியே கொண்டுவருவது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். அதே டிரைவில் புது ஃபிளாப்பியில் எழுதினால் அதுவும் கோணலாகத்தான் எழுதும், வேறெங்கும் படிக்காது. எம்எஸ்-டாஸ் 6-ல் இன்டர்லிங்க் என்று ஒன்று உண்டு, சீரியல் கேபிளைப் போட்டு இரண்டு மெஷின்களை இணைக்க. மெதுவாகத்தான் போனது, ஒரு குறையும் இல்லை.

28-ல் 26 முழுசாக வந்தன, இரண்டு அரைகுறையாக. திறந்தால் எல்லாம் புரியாத குறிகள். எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் அப்படித்தான், 1993-ல் கு. கல்யாணசுந்தரம் வெளியிட்ட மயிலை என்ற ஃபாண்டைப் போல ஒவ்வொரு ஃபாண்டும் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தன் இஷ்டப்படி தமிழை வைத்திருக்கும், ஃபாண்ட் இல்லாமல் எழுத்து இல்லை. மாமா பயன்படுத்திய ஃபாண்ட், யுஎஸ்பி டிரைவில் முதல் நாளே படித்த 14-ல் இருந்தது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டு மாற்றினேன்.

'ஒப்பாரி 3'-ஐக் கடைசியில் எடுத்தேன். டிராக் ஜீரோவில் நின்றபோதுதான் ஹெட் அறுத்திருக்கிறது, அதனால் போனது பூட் செக்டரும் கணக்கும் பட்டியலும். ஃபைலின் பெயர் இல்லை, வரிசை இல்லை, பாட்டுகள் மட்டும் உள்ளே இருக்கின்றன. இமேஜ்டிஸ்க்கை டிராக் ஒன்றிலிருந்து படிக்கச் சொன்னேன், பெரும்பாலும் படித்தது. 1.44 டிஸ்க்கில் ஃபைல் 512 பைட் துண்டுகளாக வைக்கப்படும், ஒரு துண்டில் பத்துப் பன்னிரண்டு வரி. மாமா திருத்தித் திருத்திச் சேமித்ததில் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஒரே பாட்டின் பழைய வடிவமும் புதிய வடிவமும் கலந்து வேறு.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டி, மயிலாடுதுறைக்குக் கொண்டுபோனேன். டிஸ்க் அறுந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து வாய்க்குள் முணுமுணுத்தார், இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இது தாய்க்குப் பாடறது. இது புருஷனுக்கு. ரெண்டும் ஒண்ணா வராது" என்று ஒன்றைத் தள்ளி வைத்தார். அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்றபடியே ஒரு துண்டைப் பார்த்து, அதற்கு முந்தைய வரியைச் சொன்னார்.

இதுவரை 11 பாட்டுகள் வரிசைக்கு வந்திருக்கின்றன. மிச்சத் துண்டுகள் அதே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, அடுத்த மாதம் திரும்பப் போகிறேன்.